சிறுவர் கடத்தல் வழக்குகளில் பிணை: நீதிமன்றம் எதை நிறுத்துப் பார்க்கிறது?

பிள்ளை ஒன்று கடத்தப்பட்டதாகச் செய்தி வெளியாகும்போது ஊரே திரண்டு தேடுகின்றது. சந்தேகநபர் கைதாகும்போது ஊரே நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றது. சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் கழித்து அதே நபர் பிணையில் செல்ல அனுமதிக்கப்பட்டார் என்ற செய்தி வரும்போதோ, ஊரின் முகம் மாறிவிடுகின்றது. "பணம் கொடுத்து வெளியே வந்துவிட்டான்" என்கிறார் ஒருவர். "சட்டம் பணக்காரனுக்குத்தான்" என்கிறார் மற்றொருவர். பிள்ளையைப் பெற்றவர்களோ தாம் கைவிடப்பட்டு விட்டதாகவே உணர்கின்றனர்.

இந்த உணர்வைக் குறை கூற முடியாது. ஆயினும் அதன் பின்னால் ஒரு தவறான புரிதல் இருக்கின்றது. பிணை என்பது விடுதலை அன்று. குற்றமற்றவர் என்ற தீர்ப்பும் அன்று. வழக்கு முடியும்வரை சந்தேகநபர் எங்கே இருக்க வேண்டும், சிறைச்சாலையிலா அல்லது நிபந்தனைகளுடன் வெளியிலா என்ற ஒரே கேள்விக்கான விடையே அது. அந்தக் கேள்விக்கு நீதிமன்றம் எவ்வாறு விடை காண்கின்றது என்பதை அறிந்திருப்பது, பாதிக்கப்பட்ட குடும்பத்தினருக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் குடும்பத்தினருக்கும் ஒருங்கே பயனுடையதாகும்.

சட்டத்தின் கண்ணில் கடத்தல்

அன்றாடப் பேச்சில் நாம் "கடத்தல்" என்ற ஒரே சொல்லால் குறிப்பவற்றை எமது தண்டனைச் சட்டக்கோவை வெவ்வேறு குற்றங்களாகப் பிரித்து நோக்குகின்றது. 1883ஆம் ஆண்டின் அச்சட்டக்கோவையின் 352ஆம் பிரிவு, 14 வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளையையோ 16 வயதுக்குக் குறைந்த பெண்பிள்ளையையோ சட்டபூர்வ பாதுகாவலரின் சம்மதமின்றி அவரது பராமரிப்பிலிருந்து கொண்டு செல்வதை அல்லது ஆசை காட்டி அழைத்துச் செல்வதைக் குற்றமாக்குகின்றது. இங்கு பலவந்தம் அவசியமில்லை. பிள்ளையின் சம்மதமும் பொருட்படுத்தப்படுவதில்லை. பெற்றோரின் சம்மதம் இருந்ததா என்பதே கேள்வி.

அடுத்துள்ள 353ஆம் பிரிவு வேறொரு செயலை விபரிக்கின்றது. பலவந்தத்தாலோ வஞ்சகத்தாலோ ஒருவரை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகச் செய்வதே அது. இதில் வயது எல்லை கிடையாது.

பாதுகாவலரிடமிருந்து கொண்டு செல்லும் குற்றத்துக்கு 354ஆம் பிரிவின் கீழ் 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். கொலை செய்யும் நோக்குடன் கடத்தினால் 355ஆம் பிரிவின் கீழ் அது 20 ஆண்டுகள் வரை உயரும். பாலியல் சுரண்டல், ஆள் வியாபாரம் ஆகியவற்றுக்கெனத் தனிப் பிரிவுகள் உள்ளன. ஆயுத மோதலில் ஈடுபடுத்துவதற்காகச் சிறுவர்களைச் சேர்ப்பது 2006ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் மூலம் தனிக் குற்றமாக்கப்பட்டது. போர்க்காலத்தில் பாடசாலைக்கும் ரியூசனுக்கும் போன பிள்ளைகள் வீடு திரும்பாத நாட்களை அனுபவித்த வடக்கு, கிழக்கு மக்களுக்கு இப்பிரிவின் பொருளை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

"சட்டபூர்வ பாதுகாவலர்" என்பவர் தந்தையோ தாயோ மட்டுமல்லர். பிள்ளையின் பராமரிப்பு சட்டப்படி எவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கின்றதோ அவரும் பாதுகாவலரே. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்ய, பிள்ளை அம்மம்மாவிடமோ உம்மும்மாவிடமோ வளரும் வீடுகள் எம்மிடையே ஏராளம். அத்தகைய வீட்டிலிருந்து பிள்ளையைக் கொண்டு செல்பவர், "தாய் வெளிநாட்டில், இங்கு கேட்பதற்கு யாருமில்லை" என்று வாதிட முடியாது.

பொலிஸார் நீதவானுக்குச் சமர்ப்பிக்கும் "பீ" அறிக்கையில் மேற்சொன்னவற்றுள் எந்தப் பிரிவு குறிப்பிடப்படுகின்றது என்பது பிணை விடயத்தில் முதற்படியாகும். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் முதலாவது அட்டவணை ஒவ்வொரு குற்றமும் பிணை வழங்கத்தக்கதா அல்லவா என்பதை வகைப்படுத்தி வைத்துள்ளது. பிணை வழங்கத்தக்க குற்றமாயின் பிணை சந்தேகநபரின் உரிமையாகும். பிணை வழங்கத்தகாத குற்றம் என்பதற்குப் பிணையே கிடையாது என்று பொருளில்லை. வழங்குவதா மறுப்பதா என்பது நீதிமன்றத்தின் தற்றுணிபில் தங்கியிருக்கும் என்பதே அதன் பொருள். கடத்தப்பட்ட பிள்ளை கொலையுண்டு, கொலைக் குற்றச்சாட்டும் சேர்ந்துவிட்டால் நிலைமை வேறு. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றத்தில் பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு இல்லை. பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்ற நீதிபதியே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

பிணையே விதி, மறுப்பு விலக்கு

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் எமது நாட்டின் பிணைச் சிந்தனையை மாற்றியமைத்தது. பிணை வழங்குதல் விதியாகவும் அதை மறுத்தல் விதிவிலக்காகவும் கருதப்பட வேண்டும் என்பதை அதன் 2ஆம் பிரிவு வழிகாட்டும் கோட்பாடாக வகுத்துள்ளது. பயங்கரவாதத் தடைச் சட்டம் போன்றவற்றின் கீழான குற்றங்களும், பிணை பற்றித் தனியான ஏற்பாடுகளைக் கொண்ட சட்டங்களின் கீழான குற்றங்களும் இச்சட்டத்துக்குப் புறம்பானவை. தண்டனைச் சட்டக்கோவையின் கீழான சாதாரண கடத்தல் வழக்குகள் இச்சட்டத்துக்கு உட்பட்டவையே.

இக்கோட்பாட்டின் வேர் அரசியலமைப்பில் உள்ளது. குற்றவாளி என எண்பிக்கப்படும்வரை ஒவ்வொருவரும் சுத்தவாளி என்றே ஊகிக்கப்பட வேண்டுமென 13ஆம் உறுப்புரையின் 5ஆம் பந்தி கூறுகின்றது. தீர்ப்புக்கு முன்னரே ஒருவரைச் சிறையில் வைப்பது தண்டனையாகிவிடக் கூடாது என்பதே இதிலிருந்து பெறப்படும் முடிவு.

எனினும் விதிவிலக்குகளும் வலுவானவை. பிணைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு நீதிமன்றம் பிணையை மறுக்கக்கூடிய காரணங்களைத் தெளிவாக நிரற்படுத்துகின்றது. சந்தேகநபர் விசாரணைக்குத் தோற்றமாட்டார், சாட்சிகளிலோ சான்றுகளிலோ தலையிடுவார் அல்லது வேறுவிதமாக நீதியின் போக்கைத் தடுப்பார், பிணையிலிருக்கும்போது வேறு குற்றம் புரிவார் என்பன முதல் மூன்றுமாகும். குற்றத்தின் விசேட பாரதூரத்தன்மையும் அதற்கெதிரான பொதுமக்களின் பிரதிபலிப்பும் பொது அமைதியின்மையைத் தோற்றுவிக்கலாம் என்பது நான்காவதாகும். இவற்றுள் ஒன்றேனும் இருப்பதாக நம்புவதற்கு நீதிமன்றத்துக்கு நியாயம் இருத்தல் வேண்டும். பிணை மறுக்கப்படுமாயின் அதற்கான காரணங்களை எழுத்தில் பதிவு செய்யவும் வேண்டும்.

இந்நான்கு காரணங்களிலும் "குற்றம் அருவருப்பானது" என்பது தனியொரு காரணமாக இடம்பெறவில்லை என்பது கவனத்திற்குரியது. நீதிமன்றம் நோக்குவது நடந்து முடிந்ததை மட்டுமன்று. இவரை வெளியே விட்டால் இனி என்ன நடக்கும் என்பதையே அது பிரதானமாக நோக்குகின்றது.

நான்கு வகை வழக்குகள், நான்கு வகை விடைகள்

கடத்தல் வழக்குகள் யாவும் ஒரே தன்மையானவை அல்ல. ஒரே சட்டப் பிரிவின் கீழ் வரும் இரு வழக்குகளில் ஒன்றில் பிணை வழங்கப்பட்டு மற்றையதில் மறுக்கப்படுவதற்குக் காரணமும் அதுவே.

முதலாவது வகை, கப்பத்துக்காகவோ பழிவாங்குவதற்காகவோ அந்நியர் பிள்ளையைத் தூக்கிச் செல்வது. பிள்ளை இன்னமும் கண்டுபிடிக்கப்படவில்லையாயின் பிணை பற்றிப் பேசுவதற்கே இடமிருப்பது அரிது. வெளியே செல்லும் ஒருவர் தமது கூட்டாளிகளுக்கு எச்சரிக்கை கொடுக்கலாம். சாட்சியான பிள்ளையையே அழித்துவிடவும் கூடும். பிள்ளை மீட்கப்பட்ட பின்னரும் அடையாள அணிவகுப்பு நடைபெறும்வரை சந்தேகநபரை விளக்கமறியலில் வைக்குமாறு பொலிஸார் கோருவது வழமை. பிள்ளை அவரை வெளியில் காண நேர்ந்தால் அணிவகுப்பின் பெறுமதியே கெட்டுவிடும். தொலைபேசிப் பதிவுகள், வாகன இலக்கம், பணம் கைமாறிய வழி என்பன இன்னும் திரட்டப்படவில்லை என்பதும் நியாயமான காரணமாகும்.

இரண்டாவது வகை, பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர் மற்றவரிடமிருந்து பிள்ளையைக் கொண்டு செல்வது. சட்டபூர்வ பராமரிப்புக்குத் தாம் உரித்துடையவர் என நன்னம்பிக்கையுடன் கருதும் ஒருவரின் செயலுக்கு, அது ஒழுக்கக்கேடான அல்லது சட்டவிரோதமான நோக்கத்துக்காகப் புரியப்பட்டாலொழிய, 352ஆம் பிரிவு ஏற்புடையதாகாது. ஆகவே இத்தகைய முறைப்பாடுகளில் பெரும்பாலானவை குற்றவியல் வழக்காக நிலைப்பது கடினம். இங்கு தேவைப்படுவது மாவட்ட நீதிமன்றத்தின் பராமரிப்புக் கட்டளையோ ஆட்கொணர்வு மனுவோ ஆகும். முஸ்லிம் பெற்றோரைப் பொறுத்தவரையும், தாபரிப்பு விடயம் காதி நீதிமன்றத்துக்கு உரியதாயினும் பிள்ளையின் பராமரிப்பைத் தீர்மானிக்கும் இடம் சாதாரண நீதிமன்றமே. எந்தச் சட்டத்தைப் பின்பற்றும் குடும்பமாயினும் பிள்ளையின் நலனுக்கே நீதிமன்றங்கள் முதன்மை அளிக்கின்றன.

ஆனால் நீதிமன்றக் கட்டளை ஒன்று ஏற்கனவே இருக்கும்போது அதை மீறிக் கொண்டு சென்றவர், "நான் நன்னம்பிக்கையுடன் செய்தேன்" என்று கூறுவது எடுபடாது. நாட்டை விட்டுக் கொண்டு செல்லும் அபாயமிருப்பின் பிணை நிபந்தனைகள் மிகவும் இறுக்கமாகும். அந்த நாட்டிலிருந்து பிள்ளையை மீளப் பெறுவதற்கான வழியை 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம் வகுத்துள்ளது. 16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்புடைய அச்சமவாயத்துக்கு எமது நாட்டில் செயல்வடிவம் கொடுப்பது 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டமாகும். அது குடியியல் பரிகாரமே தவிரத் தண்டனை அன்று. சமவாயத்தில் இணையாத நாடொன்றுக்குப் பிள்ளை கொண்டு செல்லப்பட்டால் அவ்வழி அடைபட்டுவிடும். ஆகையால்தான் கடவுச்சீட்டை நீதிமன்றத்தில் ஒப்படைத்தல் என்ற சிறு நிபந்தனை இங்கு பெரும் பெறுமதி உடையதாகின்றது.

மூன்றாவது வகை, காதல் தொடர்பின் காரணமாக 16 வயது நிரம்பாத பெண்பிள்ளை ஓர் இளைஞருடன் வீட்டை விட்டுச் செல்வது. பத்திரிகைகளில் "சிறுமி கடத்தல்" என்று வெளியாகும் செய்திகளில் இவ்வகையும் அடக்கம். சிறுமி விரும்பியே சென்றார் என்பது 352ஆம் பிரிவின் கீழான குற்றச்சாட்டுக்கு விடையாகாது. உடலுறவு இடம்பெற்றிருப்பின் அவரது சம்மதம் சட்டத்தின் பார்வையில் சம்மதமே அன்று. பின்னர் இரு குடும்பங்களும் இணங்கித் திருமணம் பேசிக்கொண்டால் வழக்கு தானாக மறைந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. பொதுச் சட்டத்தின் கீழ் 1995ஆம் ஆண்டின் திருத்தத்தின் பின் 18 வயதுக்கு முன் திருமணத்துக்கு இடமில்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது குறைந்தபட்ச வயதெல்லை விதிக்கப்படவில்லை. அதை மாற்ற வேண்டுமென முஸ்லிம் பெண்கள் நீண்டகாலமாகக் குரல் கொடுத்து வந்துள்ளனர். எவ்வாறாயினும், பாதுகாவலரின் சம்மதமின்றிக் கொண்டு சென்ற குற்றம் அழைத்துச் சென்ற கணத்திலேயே நிறைவடைந்துவிடுகின்றது. பின்னர் நடக்கும் நிக்காஹ்வோ தாலிகட்டோ அதை இல்லாதொழிப்பதில்லை.

எனினும் பிணை என்ற குறுகிய கேள்வியில் இவ்வகை வழக்குகளின் நிலை வேறாகும். 19 வயது இளைஞர், முன்குற்றம் எதுவுமில்லை, நிலையான முகவரி உண்டு, சிறுமி பெற்றோரிடமோ நன்னடத்தைத் திணைக்களத்தின் பொறுப்பிலோ ஒப்படைக்கப்பட்டுவிட்டார் என்றால், 14ஆம் பிரிவின் காரணங்களைக் காட்டுவது வழக்குத் தொடுநருக்கு எளிதன்று. 40 வயதுடைய ஒருவர் 13 வயதுச் சிறுமியைப் பரிசுகள் கொடுத்து மயக்கி அழைத்துச் சென்றிருந்தால், பிரிவின் இலக்கம் ஒன்றாக இருப்பினும் விடை ஒன்றாக இருக்காது. அவர் அச்சிறுமியை மீண்டும் அணுகுவார், அவளது வாயை அடைப்பார் என அஞ்சுவதற்கு நியாயம் உண்டு.

நான்காவது வகை, பிள்ளைக்கு நன்கு அறிமுகமான உறவினரோ அயலவரோ செய்வது. வெளியில் இருந்து பார்ப்பவருக்கு இது ஏனையவற்றிலும் பாரதூரம் குறைந்ததாகத் தோன்றலாம். பிணை விடயத்தில் இதுவே மிகச் சிக்கலானது. சந்தேகநபரின் வீடும் பிள்ளையின் வீடும் ஒரே வளவில் இருக்கும். அவருக்குப் பிணை நிற்பவர் பிள்ளையின் மாமாவாக இருப்பார். சமாதானம் பேச வருபவர்கள் ஊர்ப் பெரியவர்களாக இருப்பர். இங்கு சாட்சியில் தலையிடுவதற்கு அச்சுறுத்தலே தேவையில்லை. ஒரு சாப்பாட்டுப் பந்தியே போதும். இத்தகைய வழக்கில் பிணை வழங்குவதாயின், சந்தேகநபர் குறித்த கிராம சேவகர் பிரிவுக்குள் நுழையாமல் வேறிடத்தில் தங்க வேண்டும் என்ற நிபந்தனை இன்றேல் பிள்ளைக்குப் பாதுகாப்பு இல்லை.

மக்களின் கோபமும் நீதிமன்றத்தின் பொறுமையும்

14ஆம் பிரிவின் நான்காவது காரணமே அதிகம் விவாதிக்கப்படுவது. மக்களின் கொந்தளிப்பைக் கருத்திற்கொள்ளச் சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் குற்றத்தின் விசேட பாரதூரமும் மக்களின் பிரதிபலிப்பும் சேர்ந்தே அங்கு குறிப்பிடப்படுகின்றன. ஆர்ப்பாட்டம் ஒன்று நடந்தது என்பதால் மட்டும் பிணையை மறுத்துவிட முடியாது. அவ்வாறு மறுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2015ஆம் ஆண்டின் கொட்டதெனியாவச் சம்பவம் மறக்க முடியாத பாடமாகும்.

அவ்வாண்டு செப்டெம்பரில் கம்பஹா மாவட்டத்தின் கொட்டதெனியாவப் பகுதியில், ஐந்து வயதையும் எட்டாத சிறுமி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்து கொண்டு செல்லப்பட்டுக் கொலை செய்யப்பட்டாள். நாடே கொதித்தது. முதலில் 17 வயது மாணவர் ஒருவரும் மற்றுமொரு நபரும் கைது செய்யப்பட்டனர். மரபணுப் பரிசோதனை அவர்களுக்குச் சம்பந்தமில்லை எனக் காட்டியது. அடுத்து வேறொருவர் கைது செய்யப்பட்டு, அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் அறிவிக்கப்பட்டது. அவரது மரபணுவும் பொருந்தவில்லை. இறுதியில் அவரது சகோதரரே குற்றவாளி எனத் தெரியவந்து, 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. மூன்று பேர், அவர்களில் ஒருவர் பாடசாலை மாணவர், செய்யாத குற்றத்துக்காக நாடு முழுவதாலும் தூற்றப்பட்டனர். கோபத்தை மட்டுமே அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவர்களில் எவருக்கும் வெளியுலகம் கிடைத்திருக்காது. உண்மைக் குற்றவாளியும் அகப்பட்டிருக்க மாட்டார்.

இதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் கிழக்கு கண்டது இன்னொரு பாடம். 2009 மார்ச்சில் திருகோணமலையில் 6 வயது மாணவி ஒருத்தி கப்பம் கோரிக் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். அடுத்த மாத இறுதியில் மட்டக்களப்பில் 8 வயது மாணவி ஒருத்திக்கும் அதே கதி நேர்ந்தது. இரு சம்பவங்களிலும் கைதானவர்களில் முக்கியமானவர்கள் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் காணாமலே உயிரிழந்தனர். அன்று பலர் அதை நீதி எனக் கருதி ஆறுதலடைந்தனர். ஆனால் இக்கொடுமைகளுக்குப் பின்னால் இருந்தவர்கள் யார், எவரின் தைரியத்தில் பட்டப்பகலில் பாடசாலைப் பிள்ளைகளைக் கடத்தினர் என்ற கேள்விகளும் இறந்தவர்களுடனேயே புதைந்து போயின. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு உண்மையை அறியும் உரிமை இருந்தது. விசாரணை ஒன்று நடந்திருந்தால் மட்டுமே அது கிடைத்திருக்கும்.

பிணை விண்ணப்பத்தைப் பொறுமையுடன் கேட்கும் நீதிமன்றம் குற்றவாளிக்காகப் பரிவதாக நாம் நினைக்கின்றோம். உண்மையில் அது, சரியான ஆளைப் பிடித்திருக்கின்றோமா என்று கேட்டுக்கொண்டிருக்கின்றது.

விளக்கமறியலின் எல்லை

கைது செய்யப்பட்டவரைப் பொதுவாக 24 மணித்தியாலங்களுக்குள் நீதவான் முன் ஆஜர்படுத்த வேண்டும். அதன்பின் விளக்கமறியல் பெரும்பாலும் 14 நாட்கள் வீதம் நீடிக்கப்படுகின்றது. ஒவ்வொரு நீடிப்பின்போதும் விசாரணையில் ஏற்பட்ட முன்னேற்றம் என்ன என்று பொலிஸாரைக் கேட்கும் கடப்பாடு நீதவானுக்கு உண்டு. முதல் தவணையில் "விசாரணை முடியவில்லை" என்பது வலுவான காரணம். ஆறாவது தவணையிலும் அதே வாசகம் திரும்பக் கூறப்படுமாயின் அது காரணமே அன்று. அன்று பிணை வழங்கப்பட்டால் குறை கூறப்பட வேண்டியது நீதவானை அன்று.

பிணைச் சட்டத்தின் 16ஆம், 17ஆம் பிரிவுகள் வெளிப்புற எல்லை ஒன்றையும் வரைந்துள்ளன. தண்டனை விதிக்கப்படாத ஒருவரைக் கைதான நாளிலிருந்து 12 மாதங்களுக்கு மேல் தடுத்து வைக்கலாகாது என்பது பொது ஏற்பாடு. சட்டமா அதிபரின் விண்ணப்பத்தின் பேரில், போதிய காரணம் காட்டப்பட்டால், மேல் நீதிமன்றம் ஒரு தடவையில் 3 மாதங்களுக்கு மேற்படாமல், மொத்தம் இன்னும் 12 மாதங்கள் வரை அதை நீடிக்கலாம். நீதவான் பிணையை மறுத்தாலும் வழங்கினாலும் அதனால் பாதிக்கப்பட்ட தரப்பு மேல் நீதிமன்றத்தை நாடலாம். சூழ்நிலை மாறினால் முதல் கட்டளையை மாற்றவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

சந்தேகநபரே சிறுவராக இருக்கும்போது அளவுகோலும் மாறுபடுகின்றது. 2018ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் குற்றப் பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. சிறுவரைச் சிறைச்சாலையில் வளர்ந்தவர்களுடன் அடைப்பது எந்தவிதத்திலும் நீதியாகாது.

பாதிக்கப்பட்ட குடும்பம் என்ன செய்யலாம்?

பிணை விண்ணப்பம் சந்தேகநபரின் சட்டத்தரணிக்கும் பொலிஸாருக்கும் இடையிலான விடயம் என்று எண்ணி, பிள்ளையின் பெற்றோர் நீதிமன்றத்தின் பின்வாங்கில் மௌனமாக அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். அவ்வாறு இருக்கத் தேவையில்லை. அவர்கள் சார்பில் சட்டத்தரணி ஒருவர் தோன்றலாம். அவர் முன்வைக்க வேண்டியது கண்ணீரை அன்று, தகவல்களை. சந்தேகநபரின் வீட்டுக்கும் பிள்ளையின் வீட்டுக்கும் இடையிலான தூரம் என்ன, கைதின் பின்னர் எவர் வந்து எந்த நாளில் என்ன பேசினார், எந்தத் தொலைபேசி இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது, சந்தேகநபரிடம் வெளிநாட்டு வீசா இருக்கின்றதா என்பன போன்றவையே 14ஆம் பிரிவின் காரணங்களை உயிர்ப்பிப்பவை. "அவர் மிகவும் பொல்லாதவர்" என்ற நூறு கூற்றுகளிலும், அச்சுறுத்தல் பற்றிப் பொலிஸில் பதியப்பட்ட ஒரு முறைப்பாடு வலுவானது.

பிணை வழங்கப்படுவது உறுதியாகத் தோன்றினால், எத்தகைய நிபந்தனைகள் வேண்டும் என்று கோருவதே பயனுள்ளது. பிள்ளையையோ குடும்பத்தினரையோ நேரடியாகவும் பிறர் மூலமாகவும் தொடர்புகொள்ளக் கூடாது, பாடசாலைச் சூழலில் காணப்படக் கூடாது, கடவுச்சீட்டை ஒப்படைக்க வேண்டும், குறித்த நாட்களில் பொலிஸ் நிலையத்தில் கையொப்பமிட வேண்டும், நம்பகமான பிணையாளிகள் கையொப்பமிட வேண்டும் என்பன வழமையான நிபந்தனைகள். பெருந்தொகைப் பணத்தைப் பிணையாக விதிப்பது பாதுகாப்பு ஆகாது. வசதி படைத்தவர் அதை அன்று மாலையே கட்டிவிடுவார். ஏழை அதைக் கட்ட முடியாமல், பிணை கிடைத்தும் சிறையிலேயே இருப்பார். தொகை மிகையாக இருக்கக் கூடாது என்று சட்டமே கூறுகின்றது.

நிபந்தனை மீறப்பட்டால் அதைப் பொலிஸாருக்கும் நீதிமன்றத்துக்கும் உடனடியாக அறிவிக்க வேண்டும். ஊர்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருப்பது பயன் தராது. பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் அச்சுறுத்துவது தனிக் குற்றமாகும். இதற்கென 2015இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின் இடத்தை 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் எடுத்துள்ளது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் முறையிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளையின் சாட்சியம் எவ்வளவு விரைவாகப் பாதுகாக்கப்படுகின்றதோ அவ்வளவுக்குப் பிணை பற்றிய அச்சமும் குறையும். சிறுவரின் சாட்சியத்தை ஒளிப்பதிவு செய்து வழக்கில் பயன்படுத்த 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளித்துள்ளது. ஆரம்பத்திலேயே அவ்வாறு பதிவு செய்துவிட்டால், பின்னர் எவர் வந்து எதைச் சொன்னாலும் பிள்ளையின் முதல் வார்த்தை அழியாது. இந்த ஏற்பாடு இன்னும் பரவலாகப் பயன்படுத்தப்பட வேண்டும். அதுவும் பிள்ளையின் தாய்மொழியில், அம்மொழி அறிந்த அதிகாரி ஒருவரால் செய்யப்பட வேண்டும். தமிழில் சொல்லப்பட்டு வேறு மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலம் வழக்கு விசாரணையின்போது எத்தனை முரண்பாடுகளைச் சுமந்து வரும் என்பதைத் தமிழ் பேசும் மக்கள் நன்கறிவர்.

தாமதமே பகை

சிறுவர் கடத்தல் வழக்குகளில் மக்கள் பிணையை வெறுப்பதற்கு உண்மையான காரணம் பிணை அன்று. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதே காரணம். பிணையில் சென்றவருக்கு எதிரான விசாரணை ஒரு வருடத்துக்குள் முடிந்து தீர்ப்பும் கிடைக்குமென்ற நம்பிக்கை இருந்தால், சில மாதங்கள் அவர் வெளியில் இருப்பதை எவரும் பொருட்படுத்த மாட்டார்கள். எட்டு வயதில் கடத்தப்பட்ட பிள்ளை பதினெட்டு வயதில் சாட்சிக்கூண்டில் ஏறி அந்த நாளை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்போதுதான், பிணை விடுதலையாகத் தோன்றுகின்றது.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, "ஏன் பிணை கொடுத்தீர்கள்?" என்பது மட்டுமன்று. குற்றப்பத்திரம் ஏன் இன்னும் தாக்கல் செய்யப்படவில்லை, இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை ஏன் வரவில்லை, பிள்ளையின் சாட்சியம் ஏன் பதிவு செய்யப்படவில்லை என்ற கேள்விகளையே சட்டமா அதிபர் திணைக்களத்திடமும் பொலிஸாரிடமும் விடாமல் கேட்க வேண்டும். அவற்றுக்கு உரிய நேரத்தில் விடை கிடைக்குமாயின், பிணை எவருக்கும் அச்சமூட்டும் சொல்லாக இராது.